ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கீரையும் காய்கறியும் சந்தைக்கு ஏற்றிப்போக, பழைய கார்புரேட்டர் மாருதி ஆம்னியை இன்னும் வைத்திருக்கிற உழவர்கள் நம்மில் உண்டு. அதில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் இரண்டு விதமான பேச்சு கேட்கிறேன். "அது ரொம்ப நாளா எரியுதுங்க, ஒண்ணும் ஆகல" என்பார் ஓட்டுகிறவர். "இன்ஜினை இறக்கிப் பிரிச்சிடலாம்" என்பார் பட்டறைக்காரர். இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

இலை மஞ்சளானால் மருந்துக்கடைக்கு ஓடாமல் மண்ணையும் வேரையும் பார்க்கிறவர்கள் நாம். வண்டிக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்லை?

அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஓடும்போது எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் பேரிங் போய் இன்ஜின் ஜாமாகிவிடும். ஒரு போகத்து லாபம் அதிலேயே கரையும்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்வது வங்கியில் இருந்த காலத்துப் பழக்கம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆயில் ஊற்றுங்கள், ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். மேல்கோட்டையும் தாண்டி, பெட்ரோல் வாடை அடித்தால் எச்சரிக்கை. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்பின் டயாப்ரம் கிழிந்தாலோ, கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலோ பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்து அழுத்தம் விழும். மூலப் பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் பில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானி மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரி என்றால் பழுது சுவிட்சிலோ ஒயரிலோதான், சின்னச் செலவு. உண்மையிலேயே குறைவு என்றால் மட்டும் ஆயில் பம்பு, சல்லடை, பேரிங் என்று அடுத்த வேலைக்குப் போகலாம். அளக்காமல் இன்ஜினில் கை வைக்க விடாதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், யாராவது கழற்றியும் இருக்கலாம். விலை பேசுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.