அத்தையின் வண்டியும் அறுபத்து மூணு வயசும்

எங்கள் அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) டி.வி.எஸ். வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டால்தான் எங்கள் தெருவுக்கே விடியும். பால் கேனை முன்னால் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். பஸ் தவறிப் போன நாட்களில் மொரப்பூர் ரயிலடி வரைக்கும்கூட என்னைக் கொண்டு போய் விட்டதுண்டு. கம்பைநல்லூரில் பஸ்ஸுக்கு நின்று கால் கடுத்தவர்களுக்குத்தான் அந்த வண்டியின் அருமை தெரியும்!

58 வயசில் எடுத்த லைசென்ஸ். 5 வருஷம் முடிந்து புதுப்பிக்கப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிறந்த தேதியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "இந்த வயசுல எதுக்கும்மா வண்டி? வீட்டுல புள்ளைங்க இல்லையா?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவருக்கும் அதே வயசுதான் இருக்கும். அவரிடம் இப்படியொரு கேள்வி இல்லை.

அத்தை வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "விட்டுத் தள்ளு கண்ணு, அவங்க சொல்றதும் சரிதானே" என்றார். என் வீட்டுக்காரரும், "அம்மா பேசாம உக்காரட்டும்" என்று சேர்ந்து கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

விசாரித்துப் பார்த்தேன். நம் நாட்டில் இத்தனை வயசுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டமே கிடையாது. 2019-ல் திருத்திய சட்டப்படி 55 வயசு ஆனவர்களுக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 40 தாண்டினாலே டாக்டர் சர்டிபிகேட் உண்டு. 1-ஏ படிவம் என்பார்கள். தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன் மேல் 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். வாயால் சொல்லித் திருப்பி அனுப்புவது எந்தக் கணக்கிலும் சேராது.

வெளிநாடுகளில் ஆளுக்கொரு வழி. இங்கிலாந்தில் 70 வயசு முதல் 3 வருஷத்துக்கு ஒரு முறை, உடம்பு எப்படி இருக்கிறது என்று தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் 75 தாண்டினால் ஞாபக சக்திக்குப் பரீட்சை. 2019-ல் டோக்கியோவில் 87 வயசுக்காரர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் 3 வயசுக் குழந்தையும் இறந்து போனார்கள். அதைப் படித்தபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. என் பையனும் அத்தை வண்டியில் ஏறுகிறவன்தானே!

அதனால் ஜன்னல்காரரோடு சண்டைக்குப் போகுமுன் அத்தையையே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றிற்று. நாங்கள் போன டாக்டர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர். அரசாங்கப் படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா? கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே படிக்கலாம். ஐந்தரை மீட்டர் புடவை நாலரையை நீளமாகப் போட்டால் வருகிற தூரம். தெருவில் நிற்கிற கார் போதும், காலணா செலவில்லை.

வலது கண்ணால் அத்தை கடகடவென்று படித்தார். இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, "புகை மாதிரி இருக்கு கண்ணு" என்றார். கண்புரை! எத்தனை நாளாகவோ தெரியவில்லை. வலது கண் நன்றாக இருந்ததால் அவருக்கே தெரியவில்லை. எதிரே வரும் வண்டி விளக்கு சூரியன் மாதிரி சிதறித் தெரிகிறது, ராத்திரியில் கண் கூசுகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அலட்சியமாக விடாதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டு வரும். போட்ட அன்றைக்கு வண்டி வேண்டாம். கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். பின்னால் வருகிற லாரியைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வேண்டுமே!

ஆபரேஷன் ஆயிற்று. லைசென்ஸ் தேதி முடிந்து ஒரு வருஷத்துக்குள் போனால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்பதால் அவசரப்படவில்லை. கண் டாக்டர் சரி என்று சொல்லும் வரை வண்டி திண்ணையோரம் நின்றது. பால் கேன் என் தலையில் விழுந்தது வேறு கதை.

மறுபடி அதே ஜன்னல். "இந்த வயசுல எதுக்கும்மா…" என்று அவர் ஆரம்பித்தார். "தர முடியாதுன்னா காரணத்தை எழுதிக் குடுங்க சார், நாங்க அப்பீல் பண்ணிக்கறோம்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது வாஸ்தவம். அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை வாங்கிக் கொண்டார்.

அத்தை இப்போது பகலில் மட்டும் ஓட்டுகிறார். பொழுது சாய்ந்தால் சாவியைத் தானே ஆணியில் மாட்டிவிடுகிறார், யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு அதே நம்பர் பிளேட்டை என் வீட்டுக்காரரிடமும் காட்டினேன். 42 வயசு, தினம் மோட்டார் சைக்கிளில் தர்மபுரி போய் வருகிறவர். 3-ஐ 8 என்றார்! வரும் திங்கட்கிழமை கண்ணாடிக் கடைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.