பக்கத்து வீட்டுக்கு 7,000 கிலோமீட்டர்

கனடாவின் நுனாவுட் பிரதேசத் தலைநகர் இக்காலுயிட். கிரீன்லாந்தின் தலைநகர் நூக். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கணினி சட்டென்று சொல்லிவிடும்: சுமார் 820 கிலோமீட்டர். நடுவே பெரும்பாலும் டேவிஸ் நீரிணை. டாஷ்-8 போன்ற சிறிய புரொப்பல்லர் விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும்.

கணக்கு சரி. அந்த விமானம் பறக்காத நாளில்? தெற்கே ஒட்டாவா வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல். மான்ட்ரியாலோ டொராண்டோவோ போய் ஐஸ்லாந்துக்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். பிறகு வந்த திசையிலேயே திரும்பி இன்னும் 1,400 கிலோமீட்டர். எப்படிக் கூட்டினாலும் 7,000-ஐத் தாண்டுகிறது. காத்திருப்பும் ஓட்டல் வாடகையும் தனி. இரு ஊர்களிலும் இனுயிட் மக்களே பெரும்பான்மை. பேசும் மொழிகளும் ஒரே குடும்பம். ஊர்விட்டு ஊர் போகச் சாலை இரு பக்கமும் கிடையாது.

ஏர் கிரீன்லாந்து 2012 கோடையில் நேரடி சேவை தொடங்கிச் சில ஆண்டுகளில் நிறுத்தியது. 2024 கோடையில் கனடியன் நார்த்துடன் சேர்ந்து, வாரம் ஒரு முறை என்று மறுபடி ஆரம்பித்தது. ஆள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். 2021 கணக்கெடுப்பில் இக்காலுயிட்டின் மக்கள்தொகை 7,429. நூக்கில் ஏறத்தாழ 20,000. நியாயமான கேள்விதான். ஆனால் இக்காலுயிட்–ஒட்டாவா விமானம் மட்டும் எப்படி நிரம்புகிறது? பெரிய சிகிச்சை என்றால் நோயாளியை அரசு செலவில் ஒட்டாவாவுக்கு அனுப்புகிறார்கள்; நூக் நோயாளியைக் கோபன்ஹேகனுக்கு. அதிகாரிகளும் அதே தடத்தில்தான் பறக்கிறார்கள். வடக்கு–தெற்குத் தடங்களில் கூட்டத்தை உண்டாக்கியதில் அரசுப் பணத்துக்குப் பெரிய பங்கு. கிழக்கு–மேற்குத் தடத்தை மட்டும் சந்தையின் தலையில் கட்டிவிட்டு, லாபம் இல்லை என்பது என்ன நியாயம்? நார்வே தன் வடகோடிச் சிற்றூர்களுக்கான தடங்களை டெண்டர் விட்டு, நஷ்டத்தை அரசே ஏற்று நடத்துகிறது. அங்கே அது ஏறக்குறைய பஸ் விடுவது மாதிரி.

கடிகாரமும் இதே கதையைச் சொல்கிறது. சூரியக் கணக்கில் இரு நகரங்களுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம். கோடையில் கடிகாரம் காட்டுவதோ மூன்று மணி நேரம். கிரீன்லாந்து 2023இல் ஐரோப்பாவை ஒட்டி ஒரு மணி நேரம் நகர்ந்துகொண்டது. நண்பகலில் இக்காலுயிட்டில் ஏறினால், இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் நூக்கில் மாலை ஐந்து. அரசு அலுவலகங்களைப் பூட்டியிருப்பார்கள்.

நூக்கில் 2024 நவம்பரில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தார்கள். அடுத்த கோடையில் நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து ஜெட் விமானமே நேரே வந்து இறங்கியது. இக்காலுயிட் விமானத்துக்கு அவ்வளவு நீளம் தேவையே இல்லை. ஆயிரம் மீட்டர்கூட இல்லாத பழைய ஓடுபாதையிலேயே டாஷ்-8 பல ஆண்டுகளாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.