என் பெயரில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

வண்டிக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி மாதங்கள் ஆகியும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. வரவில்லை என்றால் விருதுநகர்க்காரர் ஒருவர் என்ன செய்வார்? கடன் வாங்கிய கிளைக்குப் போவார். மதுரை அலுவலகத்தில் கேளுங்கள் என்பார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ எடுப்பார்கள். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவரின் திரையில் இவருடைய பெயர், முகவரி, கட்டிய தவணைகள், முன்பு கொடுத்த புகார்கள், அவற்றின் மேல் ஊழியர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் இருக்கும். அந்தத் திரையில் இருப்பதில் ஒரு வரிகூட இவர் கண்ணில் படாது. கடைசியில் கோபத்தில் கத்திவிட்டுப் போனை வைப்பார்.

கத்துவதற்குப் பதில் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என் பெயரில் உங்களிடம் என்னென்ன பதிவு இருக்கிறது, அதை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? இதை எழுத்தில் கேட்கும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் இந்தப் பிரிவு நடைமுறைக்கு வருவது பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான்.

கணக்கு கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கைப் பிடித்து, அதைக்கொண்டு பள்ளிகளும் பேட்டைகளும் கட்டினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்ததுதான். பிடித்த பணம் எங்கே போகிறது என்று தெரியாத ஊரில் மகமை வசூலாகாது. வியாபாரிகள் தங்களுக்குள் இந்த நாணயத்தைக் காத்தார்கள். கூலிக்கு வந்தவருக்கு அது கிடைத்ததா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். வெள்ளைக்கார அரசு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியதும் அதே 1923-இல்தான். வேலையில் அடிபட்டாலோ இறந்தாலோ முதலாளி ஈடு தர வேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் ஈடு கேட்கிறவர், தான் அங்கே வேலை பார்த்ததை முதலில் நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்று இருக்கும் பதிவேடு முதலாளியின் மேசைக்குள் இருக்கும். 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. அந்தப் பதிவேடு ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கானது. அதில் பெயர் இருந்தவர் கேட்டு வாங்கிப் படித்ததாக இந்தப் பகுதியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபரில் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. 1985 இறுதியில் சிவகாசி வட்டாரத்தில் பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, தொழிலாளர்கள் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941. பதிவு பெற்றவற்றின் கணக்கு இது. பதிவில்லாத தீப்பெட்டி ஆபீஸ்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பெட்டி ஒட்டிய பிள்ளைகள் இதில் இல்லை. 2021 பிப்ரவரியில் விருதுநகர் மாவட்டத்தின் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் உள்குத்தகைதான் பேச்சானது. உரிமம் ஒருவர் பெயரில், கொட்டகை இன்னொருவர் கையில் என்றால் தொழிலாளியின் பெயர் யாருடைய ஏட்டில் இருக்கும்? நாடு முழுவதற்கும் டைரியும் கணக்கு நோட்டும் அச்சடித்துக் கொடுக்கும் சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் இல்லை.

அரசாங்கத்தின் ஏட்டைத் திறக்க வைத்தவர்கள் ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரர்கள். அவர்களுடைய அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1990-களில் நடத்திய பொது விசாரணைகளில் வேலைப் பதிவேடுகள் ஊர் நடுவே வாசிக்கப்பட்டன. செத்துப்போனவர் பெயரில்கூடக் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. 1997-இல் முதல் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அதில் விதிவிலக்குகள் மலிந்திருந்தன. 2005-இன் மத்தியச் சட்டம் வந்த பிறகே பத்து ரூபாயும் ஒரு வெள்ளைத் தாளும் போதும் என்றானது. ஆனால் அந்தத் தாள் தனியார் கம்பெனியின் வாசலில் செல்லாது.

தனியார் ஏட்டையும் சேர்த்துக் கேட்கும் வழியை ஐரோப்பா முன்பே வகுத்தது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1970-இல் அரசு ஏடுகளுக்கும், ஸ்வீடன் 1973-இல் தனியாரையும் சேர்த்தும் தரவுச் சட்டம் இயற்றின. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் தங்களைப் பற்றி எழுதிய கோப்புகளைப் படிக்கும் உரிமை அந்நாட்டு மக்களுக்கு 1991-இல் சட்டமாகவே கிடைத்தது. 2011-இல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர் பேஸ்புக்கிடம் தன் விவரங்களைக் கேட்டார். 1,222 பக்கங்கள் வந்தன. அவர் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அதில் இருந்தன. பின்னர் அவர் தொடுத்த வழக்குகள் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையிலான தரவு ஒப்பந்தங்களையே கவிழ்த்தன. 2018 முதல் ஐரோப்பாவில் இப்படிக் கேட்பவருக்கு ஒரு மாதத்துக்குள் நகல் தர வேண்டும்.

நம் தரவுச் சட்டம் நகல் தரச் சொல்லவில்லை. சுருக்கம் போதும் என்கிறது. இது சிறிய வேறுபாடு அல்ல. என்.ஓ.சி.க்காக அலைந்தவருக்கு வேண்டியது, எந்தத் தேதியில் பேசினார், அன்றைக்குப் புகார் என்னவென்று எழுதப்பட்டது என்பது. சுருக்கத்தில் அது நழுவிவிடும். குறை சொன்னால் பதில் தர 90 நாள் வரை அவகாசம் உண்டு. விவரங்களைப் பாதுகாக்கத் தவறிய கம்பெனிக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூடப் பாதிக்கப்பட்டவருக்கு வராது, அரசுக் கருவூலத்துக்கே போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிசெய்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. போதாக்குறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, தனிநபர் விவரம் என்ற பெயரில் அதிகாரிகள் மறுப்பதற்கு வழியை அகலமாக்கியிருக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதற்கு நாடாளுமன்றம் தந்த பதில் இவ்வளவு தயக்கத்தோடு இருந்திருக்க வேண்டியதில்லை.

அதற்காக, நம் பதிவைக் கேட்க 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நாம் கொடுத்த விவரங்களைப் பார்க்கவும் தவறைத் திருத்தவும் கம்பெனி அனுமதிக்க வேண்டும். குறைதீர் அலுவலரின் பெயரைத் தன் இணையதளத்தில் போட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்ல வேண்டும். குழுக் கடன் வாங்கிய பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது கடன் தகவல் அறிக்கை. கட்டி முடித்த கடன் கட்டாததாக ஏறியிருந்தால் அடுத்த கடன் எங்கும் கிடைக்காது. காரணத்தையும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. திருத்தக் கேட்டு முப்பது நாளுக்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் அது சொல்லியிருக்கிறது.

நம் ஊர் வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசுச் சீட்டுக்குப் பெயர் எழுதும் கடையிலும், வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பும் கடையிலும் ஆயிரக்கணக்கானோரின் எண்களும் முகவரிகளும் சேர்கின்றன. இணையத்தில் பட்டாசு விற்க 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குப் பிறகும் சிவகாசியின் பெயரில் போலித் தளங்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் யாரோ பணத்தை இழக்கிறார்கள். வாடிக்கையாளர் பட்டியலைக் கைமாற்றுவது ஊரின் பெயரைக் கெடுக்கும் வேலை. கேட்டவருக்கு அவருடைய பக்கத்தைக் காட்டுவதும், வேண்டாம் என்றால் அழிப்பதும் நாளை சட்டத்தின் கட்டாயமாகும். இன்றே செய்தால் நாணயம்.

மத்திய அரசு சுருக்கம் என்பதை நகல் என்று மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கிடைக்கவும் வழிசெய்ய வேண்டும். வாசகர்களே, அடுத்த முறை சேவை மோசமானால் தேதி போட்டு மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேளுங்கள்: என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், என் புகார்களை என்னவென்று பதிந்தீர்கள்? பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே உங்கள் சான்று. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுவது 2019-இன் நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது.