நமக்கும் பருவங்கள் உண்டு



செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறங்கள் தனி அழகு பெறுகின்றன. பர்கண்டி, ஷாம்பெய்ன் வட்டாரங்களில் திராட்சை அறுவடை நடைபெறும். காலையில் வயல்களின்மீது மெல்லிய மூடுபனி படரும். காடுகளில் காளான் முளைக்கும். அக்ரூட் மரங்களில் காய்கள் முற்றி உதிரும். வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று இக்காட்சிகளைக் காட்டுவது நல்லதே. அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஆனால், அங்குச் செல்லாத பிள்ளைகளும் தம் கட்டுரைகளில் 'இலையுதிர்காலம்' என்று எழுதுகின்றனர். வீட்டருகே நிற்கும் மரத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. காணாத மரத்தின் மஞ்சள் இலைகளை மட்டும் அழகாக வருணிக்கின்றனர். காரணம் கேட்டால், "சிங்கப்பூரில் பருவங்களே இல்லையே" என்கின்றனர். பெரியவர்களும் அவ்வாறே கூறுகின்றனர். இக்கூற்று உண்மைதானா?

பிரெஞ்சு மக்கள் தங்கள் பருவத்தை எவ்வாறு கொண்டாடினர் என்பதை எண்ணிப் பாருங்கள். புரட்சிக்குப் பின் 1793ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு புதிய நாட்காட்டியை ஏற்றனர். அதன் முதல் மாதம் செப்டம்பர் 22 அளவில் தொடங்கியது. அதற்குத் திராட்சை அறுவடையைக் குறிக்கும் பெயரையே சூட்டினர். அடுத்தது மூடுபனி மாதம்; அதற்கடுத்தது உறைபனி மாதம். நாள்களுக்கும் பெயரிட்டனர்: முதல் நாள் திராட்சை, இரண்டாம் நாள் குங்குமப்பூ. 1806ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்காட்டி கைவிடப்பட்டது. எனினும் தம் மண்ணில் கண்டதற்குத் தம் மொழியில் பெயரிட்ட அவ்வுள்ளம் போற்றத்தக்கது.

நம் முன்னோர் இதனை அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே செய்துவிட்டனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். பிரான்சில் இலை பழுக்கத் தொடங்கும் நாள்கள் நமக்குக் கார்காலத்தின் பின்பகுதி. இவற்றை மனப்பாடம் செய்து மாணவர்கள் ஒப்பிக்கின்றனர். ஆயினும் அவை தமிழகத்தின் வானத்தைப் பார்த்து வகுத்தவை. சிங்கப்பூருக்கு அப்படியே பொருந்தா. இங்குப் பனிக்காலமும் இல்லை. ஆகவே ஐரோப்பியப் பருவத்தை இரவல் வாங்குவதும் போதாது. பழைய பட்டியலை ஒப்பிப்பதும் போதாது. நம் கண்முன் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எவ்வளவோ தெரிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அம்மாதங்களில் விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் திடீரென வந்து போகின்றன. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை அடைமழையாகப் பெய்கிறது. வறண்ட நாள்களுக்குப் பின் மழை வந்தால் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்குகின்றன. ஏப்ரலையொட்டியும் ஆகஸ்ட், செப்டம்பரையொட்டியும் இக்காட்சியைக் காணலாம். நாட்டு வாதுமை மரத்தின் இலைகள் உதிருமுன் செக்கச்செவேல் என்று சிவக்கின்றன. நம் இலையுதிர்காலம் அதுவே! தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர் அதனை 'ஐந்து மணி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். செப்டம்பரில் வடக்கிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சுங்கை பூலோ சதுப்புநிலத்திற்கு வரத் தொடங்குகின்றன; மார்ச் வரை அவற்றைக் காணலாம்.

நகரத்தின் நடுவிலும் பருவம் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தில் கூட்டம் அலைமோதும். பல வீடுகளில் அம்மாதம் முழுவதும் மரக்கறி உணவுதான். அடுத்துத் தீமிதி, தீபாவளி விளக்கொளி. தை பிறக்கும்போது தேக்காவில் கரும்பும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தும். லிட்டில் இந்தியாவின் கடைவாசல்களைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுவோர் 3.3 விழுக்காடாக இருந்தனர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பேசுவதற்குப் பொருள் இல்லாத மொழி பாடநூலுக்குள் சுருங்கிவிடும். பிள்ளை அன்றாடம் காணும் மரத்தையும் மழையையும் பறவையையும் தமிழில் சொல்லத் தெரியாவிட்டால், அம்மொழி வேறு எங்கோ உள்ளவர்களின் மொழி என்றே அவன் எண்ணுவான்.

"தேர்வு நெருங்கும் வேளையில் இதற்கெல்லாம் நேரமுண்டா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாட வேண்டிய மாணவனுக்குத் தேவைப்படுவது எது? மனப்பாடம் செய்த தொடர்களா, கண்டு உணர்ந்து பேசும் பழக்கமா?

செப்டம்பர் விடுமுறை ஒரு வாரந்தான். அதில் ஒரு காலைப் பொழுதைச் சுங்கை பூலோவில் செலவிடுங்கள். ஒரு மாலை சிராங்கூன் சாலையில் நடந்து செல்லுங்கள். கண்டவற்றை நாளுக்கு மூன்று வரியாகப் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். டிரம்பெட் மரத்திற்கு அவர்களே ஒரு தமிழ்ப் பெயர் சூட்டட்டும். தவறொன்றுமில்லை, பெயர்கள் அப்படித்தான் பிறந்தன. ஆசிரியர்கள் அக்குறிப்பேடுகளையே அடுத்த பருவத்தின் முதல் கட்டுரைப் பாடமாகக் கொள்ளலாம்.

பின்னர் ஒருநாள் அப்பிள்ளைகள் பிரான்சின் இலையுதிர்காலத்தைக் காண நேர்ந்தால், இன்னும் கூர்மையாகக் காண்பர். தம் வீட்டு மரத்தைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அயல்நாட்டு மரமும் தெளிவாகத் தெரியும் அல்லவா?