சிதைந்த பிறகும் கதை முடியாது

2019 மார்ச்சில் சேர்ன் ஆய்வுகூடத்தின் எல்.எச்.சி.பி. குழு ஒரு முடிவை அறிவித்தது: சார்ம் குவார்க் உள்ள டி மெசனும் அதன் எதிர்த்துணிக்கையும் ஒரே மாதிரிச் சிதைவதில்லை. சோடிக் கேயோன்களாகச் சிதையும்போது தெரியும் சமச்சீரின்மைக்கும் சோடிப் பயோன்களாகச் சிதையும்போது தெரிவதற்கும் இடையில் வித்தியாசம், 10,000இல் சுமார் 15. பிரபஞ்சத்தில் ஏன் சடப்பொருள் மிஞ்சியது எண்டு தேடுகிறவர்கள் உடனே கேட்டார்கள்: இது புதிய பௌதிகமா?

அவசரப்படாதேங்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுவம். சிதைவில் பிறந்த துணிக்கைகள் பேசாமல் பிரிந்து போவதில்லை. வன்விசையால் இடைத்தாக்கமுற்று, சோடிப் பயோன்கள் கேயோன்களாகவும் மாறும். டி மெசனின் நிறை புரோத்தனின் இரண்டு மடங்குதான். அந்தச் சக்தியில் இந்தப் பின்தாக்கத்தைக் கணக்கிடுவது லேசில்லை. பழைய கோட்பாடே அந்த 15ஐத் தருமா இல்லையா எண்ட விவாதம் இதனால்தான் நீளுது.

அதுக்காக இதை வெறும் தொல்லை எண்டு ஒதுக்கவும் ஏலாது. சிதைவில் சமச்சீரின்மை தெரிய, இரு வழிகள் தலையிட வேண்டும். அவற்றுக்கிடையே வன்விசை தரும் அவத்தை வித்தியாசமும் வேண்டும். அதைத் தருவது இந்தப் பின்தாக்கமே. அது இல்லாவிட்டால் நாங்கள் பார்ப்பது பூச்சியம்.

2022இல் அதே குழு பயோன் சிதைவுக்கு மட்டும் 10,000இல் சுமார் 23 எண்டு கண்டது. பலர் எதிர்பார்த்ததைவிட அது பெரிசு. ஆவல் எங்களுக்கும் இருக்கு. ஆனா புதுசைக் கண்டிட்டம் எண்டு சொல்ல முதல், பழசை முழுசாக் கணக்குப் பார்க்க வேணும். அந்த வேலைக்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது. ஆனாலும் தீர்ப்பு அதிலதான் இருக்கு.