தம்பிமாரே, அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிறவருக்குப் பொறுப்புக் காப்புறுதி தேவையா?



ஓ.எல், ஏ.எல் முடித்துவிட்டுச் சொந்தக் கையால் உழைக்கிற பிள்ளைகள் நம்மூரில் இப்போது நிறைய. வயரிங், ஏ.சி. வேலை, கமரா பூட்டுதல், வெல்டிங், கல்யாண வீட்டு டெக்கரேஷன், போட்டோ, வீட்டிலிருந்தே கேக், ஒன்லைனில் வெளிநாட்டுக்கு டிசைன். முதலாளி இல்லை, மாதச் சம்பளம் இல்லை, ஈ.பி.எஃப். இல்லை. என்னிடம் படித்த பலரும் இதில்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்கிறார்கள்: "சேர், பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எடுக்கணுமாம் என்கிறாங்களே, நமக்கும் அது தேவையா?"

எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் யாருக்குத் தேவையோ, அவர்கள்தான் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். உங்கள் வேலையின்போது உங்கள் கவனயீனத்தால் இன்னொருவருடைய உடம்புக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், நீங்கள் கொடுக்க வேண்டிய நட்டஈட்டைப் பொலிசியில் உள்ள எல்லை வரைக்கும் கம்பனி கொடுக்கும். அதுதான் பொதுப் பொறுப்புக் காப்புறுதி. நீங்கள் ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்தால் அது தராது. உங்கள் டிரில் மெஷின் களவு போனால் தராது. கூட வந்த உதவிப் பையனுக்கு அடிபட்டாலும் பொதுவாகத் தராது. வேலையாளுக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கு வேறு காப்புறுதி. நீங்கள் பிழையாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்து கொடுக்கும் செலவையும் இது ஏற்காது. வீட்டுக்காரரின் ஏ.சி.யைக் கழற்றி உங்கள் கடையில் வைத்திருக்கும்போது அது பழுதானால், அதையும் பல பொலிசிகள் ஏற்பதில்லை. வானுக்குப் போட்டிருக்கிற இன்சூரன்ஸ் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வாகனத்தால் வரும் விபத்துக்கு. வெல்டிங் பொறி பறந்து பக்கத்து வீட்டுக் கூரை எரிவதற்கு அது உதவாது.

இனிச் சட்டம். கவனயீனத்தால் பிறருக்கு நட்டம் ஏற்படுத்தியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நம் நாட்டில் இருக்கிற விதி. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதிவு உங்களையும் உங்கள் தொழிலையும் வேறு வேறு ஆளாக்காது. தீர்ப்பு வந்தால் உங்கள் பெயரிலுள்ள காணி, வங்கிக் காசு, வான் எல்லாம் கணக்குக்குள் வரும்.

எனக்குத் தேவையா என்று தீர்மானிக்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: வேலை எங்கே நடக்கிறது? உங்கள் அறையில், உங்கள் மடிக்கணினியிலா? அல்லது பிறர் வீட்டில், கடையில், மண்டபத்தில், சனம் நடமாடும் இடத்திலா?

இரண்டு: பிழைத்தால் எவ்வளவு தூரம் பிழைக்கும்? கரண்ட், நெருப்பு, கேஸ், உயரம், பாரம், கூட்டம். இந்த ஆறில் ஒன்று உங்கள் தொழிலில் இருந்தால் சின்னப் பிழையும் சின்னதாக நிற்காது. மேடைக்குக் கட்டிய இரும்புச் சட்டம் ஒன்று சரிந்தால் கீழே இருப்பது கதிரை மட்டும் அல்ல, பிள்ளைகளும்தான்.

மூன்று: அந்த அளவு காசை உங்களால் கொடுக்க முடியுமா? ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கொடுத்துவிடலாம். அதற்குக் காப்புறுதி வேண்டாம். ஒரு வீடு எரிந்தால்?

முதல் கேள்விக்கு "பிறர் இடத்தில்", இரண்டாவதுக்கு "பெரிதாக", மூன்றாவதுக்கு "முடியாது" என்று பதில் வந்தால், எடுங்கள். வயரிங், வெல்டிங், ஏ.சி., டெக்கரேஷன் செய்கிற தம்பிமார் எல்லாரும் இதற்குள் வருகிறீர்கள்.

ஒன்லைனில் லோகோ செய்கிற பிள்ளைக்கு இது தேவையில்லை. அவருக்கு வரும் சிக்கல் வேறு: படம் இன்னொருவருடையது, வேலை பிந்தியது, காசு தரவில்லை. இவை உடம்புக்கும் உடைமைக்கும் வருகிற சேதம் அல்ல. அங்கே முதல் பாதுகாப்பு ஒழுங்கான ஒப்பந்தமும் முற்பணமும்தான். தொழில் பிழைக்கென்று தனியான காப்புறுதியும் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் காப்புறுதி கேட்டால், உள்ளூர்ப் பொலிசி அந்த நாட்டு வழக்குக்குச் செல்லுமா என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். கேக், சாப்பாடு செய்து விற்கும் சகோதரிகள், உணவால் வரும் சுகவீனம் பொலிசிக்குள் வருமா என்று தனியாகக் கேட்க வேண்டும். அது சாதாரணப் பொலிசியில் சேராமல் இருக்கலாம்.

"சேர், இன்சூரன்ஸ் கூடாதே" என்பார்கள் சிலர். நான் கணிதம் படிப்பிக்கிறவன், பத்வா கொடுப்பவன் அல்ல. அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் தகாபுல் முறை இந்த நாட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தவறுதலாக ஓர் உயிர் போனால் அதற்கான தியத்தைச் செய்தவன் தனியாகச் சுமக்காமல், அவனுடைய ஆகிலா, அதாவது அவன் கூட்டத்தார் பங்கிட்டுக் கொடுக்கும் முறை நம் ஃபிக்ஹில் இருக்கிறது. பலர் சேர்ந்து ஒருவரின் பொறுப்பைத் தாங்குவது நமக்குப் புதிய விஷயம் அல்ல.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற பதில். தன் நட்டத்துக்கு ஒருவர் பொறுமை செய்தால் அது அவருடைய ஈமான். ஆனால் நம்மூரில் நடப்பது என்ன? வேலை செய்தவர் ஏழை, கொடுக்க வழியில்லை. ஆகவே நாலு பெரியவர்கள் பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் போய், "கத்ர், என்ன செய்வது, பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பையனுக்கும் குடும்பம் இருக்குது" என்கிறோம். வீடு எரிந்த விதவையிடமும் இதைத்தான் சொல்கிறோம். பிழை செய்தவர் ஒருவர், பொறுமை செய்கிறவர் இன்னொருவர். பிறகு ஜும்ஆவில் துண்டு விரித்துக் காசு சேர்க்கிறோம். அது நல்ல மனம்தான். ஆனால் அவருக்குச் சேர வேண்டியது ஸதகா இல்லை, ஹக். உரிமையாக வாங்க வேண்டியதை அவர் தலை குனிந்து வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்தக் காப்புறுதியை உங்கள் காணியைக் காப்பாற்றும் வழியாக மட்டும் பார்க்காதீர்கள். உங்களால் ஒருவருக்குத் தீங்கு வந்தால் அவருடைய ஹக்கைக் கொடுக்கும் வசதியை முன்கூட்டியே செய்து வைப்பதாகவும் பாருங்கள்.

"கம்பனிக்காரன் கடைசியில் காசு தரமாட்டான்" என்ற பேச்சும் உண்டு. சில வேளைகளில் குறை நம்மிடமும் இருக்கிறது, பொலிசியை வாசிப்பதில்லை. எடுக்கும்போது உங்கள் வேலைகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். வயரிங் என்று எழுதிவிட்டு வெல்டிங் செய்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, முதலில் நீங்கள் கையால் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். விபத்து நடந்தால் உடனே அறிவியுங்கள், படம் எடுத்து வையுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அது மனிதக் கடமை. ஆனால் கம்பனியைக் கேட்காமல் "முழுக்க நான் தருகிறேன்" என்று கடதாசியில் எழுதிக் கொடுக்காதீர்கள். பொதுவாகப் பொலிசிகள் அதை அனுமதிப்பதில்லை. கம்பனியோடு பிணக்கு வந்தால் முறையிட இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும், காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார்கள்.

வேலை கொடுக்கிற நமக்கும் பங்கு உண்டு. ஆகக் குறைந்த விலை சொல்பவரைக் கூப்பிட்டுவிட்டு, விபத்து நடந்த பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. காப்புறுதி எடுத்தவர் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுப்போம். தொழில் செய்கிற தம்பிமார் பத்து இருபது பேர் சேர்ந்து, குழுவாக எடுத்தால் பிரீமியம் குறையுமா என்று இரண்டு மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டுப் பாருங்கள். பள்ளி நிர்வாகமும் இளைஞர் கழகங்களும் அதற்கு ஒரு கூட்டம் வைத்துக் கொடுத்தால், துண்டு விரிக்கும் நாட்கள் குறையும்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்த முகவர்கள் இருந்தால், விளம்பரமாக இல்லாமல், விளக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.