சாப்பிடலாம், சுவாசிக்கலாமா?

பெங்களூரின் குளுகுளு காற்றுக்கு இன்னொரு பெயரும் உண்டு: வீசிங் கொடுக்கும் காற்று. குழந்தைகள் நல மருத்துவர் எச்.பரமேஷ் அந்நகரில் தன் மருத்துவமனைக்கு வந்த சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில், 1979இல் 9 சதவீதத்தினருக்கு இருந்த ஆஸ்துமா 1999இல் 29.5 சதவீதத்தினருக்கு இருந்தது. அந்தத் தலைமுறை இன்று அலுவலகம் போகிறது. அதில் சிலருடைய ஒரு பையில் இன்ஹேலர். இன்னொரு பையில் மாம்பழ வாசனை வீசும் இ-சிகரெட்.

"சிகரெட்டில் தார் இருக்கிறது. இதில் கேக்கில் போடுகிற எசென்ஸ்தானே?" என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் ஓர் ஓட்டை. எசென்ஸுக்குத் தரப்பட்ட நற்சான்றிதழ் சாப்பிடுவதற்கு மட்டுமே. வயிற்றுக்குப் போவதைக் கல்லீரல் வடிகட்டுகிறது. நுரையீரலுக்கு அப்படி ஒரு காவல்காரர் இல்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஜாஸ்பர் நகரில் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டது 2000இல் தெரியவந்தது. வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலின் ஆவியைச் சுவாசித்ததே காரணம். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015இல் சோதித்த 51 வகை இ-சிகரெட் வாசனைகளில் 39இல் அதே பொருள் இருந்தது. சிகரெட் புகையில் அது இன்னும் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அது சிகரெட்டுக்கு எதிரான சாட்சியமே தவிர, இ-சிகரெட்டுக்கு ஆதரவான சாட்சியம் அல்ல.

ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. ஏற்கெனவே வீங்கி, சின்னத் தூண்டலுக்கும் சுருங்கிக்கொள்ளும் குழல்கள் அவர்களுடையவை. பட்டை வாசனைக்கான சின்னமால்டிஹைடும், செர்ரி வாசனைக்கான பென்சால்டிஹைடும் சுவாசப்பாதையை எரிச்சலூட்டக்கூடியவை. புதினா வாசனையின் மென்தால் வேறு ரகம். எரிச்சலை மரத்துப்போகச் செய்து, இருமல் மூலம் உடல் தரும் எச்சரிக்கையை அடக்கிவிடும்.

எது ஆகும், எது ஆகாது என்று பார்த்து வாங்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. இ-சிகரெட் விற்பனையைக் கர்நாடகம் 2016இலும், மத்திய அரசு 2019இலும் தடை செய்துவிட்டன. மறைவாகக் கைமாறும் சரக்கின் லேபிளுக்கு யாரும் பொறுப்பில்லை. இதன் விலையை அமெரிக்கா 2019இல் கண்டது. பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் இ அசிட்டேட், நுரையீரல் பாதிப்புக்கு முக்கியக் காரணமாயிற்று. 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர்.

தராசில் வைத்திருப்பது என்னவென்றே தெரியாதபோது எடை போடுவது எப்படி? சிகரெட்டை விடத்தான் இதைப் பிடித்தேன் என்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. அதில் உள்ளது என்ன, எவ்வளவு என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனையும் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரோடு இந்தப் பழக்கத்தையும் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால், மருந்தின் அளவு கூடுமே தவிர வீசிங் குறையாது.